‘நம்ம ஆளு’ம் தனி ஆளும்



நேற்று செப்டம்பர் 5. ஆசிரியர் தின வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. துபாயில் இருக்கிறவர்கள், ஓசூரில் கம்பெனியில் இருக்கிறவர்கள், உப்பளத்தில் வேலை முடித்து வந்து ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டவர்கள் என்று எத்தனை பேர்! ஒன்றாம் வகுப்பில் அழுதுகொண்டே வந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் விடுகிறீர்கள். எல்லோரும் நல்லா இருங்கள்.

அதே செப்டம்பர் 5 தான் வ.உ.சி. பிறந்தநாளும். 1872-இல் நம்ம ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அதனால் வாழ்த்துகளோடு ஒரு படமும் வந்தது. வ.உ.சி. முகம், பின்னால் ஒரு சாதிச் சங்கத்தின் கொடி நிறம், கீழே பெரிய எழுத்தில் ‘நம்ம ஆளு’. அனுப்பியது நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது, பேரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றியது. நீளமாக இருக்கும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் பக்கத்தில் ‘அவன் யாரு ஆளு?’ என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கேட்கிறவருக்கு அவன் பேரும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், குணமும் வேண்டாம். எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் போதும். தெரிந்துவிட்டால், அந்த ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி நினைத்துக்கொள்வார். ‘ஆள்’ என்பது நல்ல தமிழ்ச் சொல். ஒரு மனிதர் என்று அர்த்தம். அதற்கு முன்னால் ‘நம்ம’ என்று போட்டதும் அந்த மனிதர் காணாமல் போய், கூட்டம் மட்டும் நிற்கிறது.

இன்னொரு பக்கம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘யுனிக்’, ‘தனித்துவம்’ என்று நிறையப் பேசுகிறீர்கள். என் பேரனே பேசுகிறான். முடி வெட்டுவதில் தனித்துவம், பைக்கில் தனித்துவம், ரீல்ஸில் தனித்துவம். பார்த்தால் பத்துப் பேரும் ஒரே மாதிரி முடி வெட்டி, ஒரே பாட்டுக்கு ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள். வயசுப் பிள்ளைகள், செய்யட்டும். ஆனால் ஒருவர் தனி ஆளாக ஆவது சலூனில் நடக்கிற காரியமா? எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல உதாரணம், அந்தப் படத்தில் இருந்த மனிதரே.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நம் கடற்கரை வரலாற்றைப் பாருங்கள். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்கராக மாறினார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து மாறியது கிடையாது. முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டையில் உயிரும் தொழிலும் போகிற நிலை. ஊர்ப் பெரியவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். சமூகமாகச் சேர்ந்து எடுத்த முடிவு அது. புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1542-இல்தான். அந்தக் காலத்தில் கூட்டத்தை விட்டால் பிழைக்க வழி இல்லை. ஒருவருக்காக ஒருவர் நின்றதால்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

முத்துக்குளிக்கிறவரும் அப்படித்தான். நான் பிறந்த காலத்தோடு முடிந்துபோன தொழில் அது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குளியாள் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துச் சைகை காட்டியதும் மேலே இருப்பவர் தூக்க வேண்டும். கீழே இறங்கிச் சிப்பி அள்ளுவது ஒருவர்தான். அவருக்காக இன்னொருவர் மூச்சு விட முடியாது. ஆனால் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் யாரும் இறங்கியதில்லை. அதனால் தனி ஆள் என்றால் யாருமே வேண்டாம் என்று போகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி வ.உ.சி.க்கு வருகிறேன். கப்பலும் செக்கும் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒட்டப்பிடாரத்து வீட்டுக்குள் நடந்த ஒன்றை நிறையப் பேர் சொல்வதில்லை.

அவர் அப்போது இளம் வக்கீல். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல், ஊரில் மதிப்பான குடும்பம். இராமையா தேசிகர் என்று கண் தெரியாத ஒரு துறவி இருந்தார். வேதாந்தம் படித்தவர். பிறந்த சாதியைச் சொல்லி ஊர் ஒதுக்கி வைத்தவர். அவரை வ.உ.சி. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மனைவி வள்ளியம்மை அவருக்குச் சோறு போட்டுப் பணிவிடை செய்தார். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாதிக்கட்டு என்ன ஆவது என்று சண்டைக்கு வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கேட்கவில்லை. வ.உ.சி. பிறகு சிறையில் இருந்தபோது செய்யுளாக எழுதிய சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1890-களின் கடைசி. வெள்ளைக்காரனை எதிர்த்தால் நாலு பேர் கை தட்டுவார்கள். சித்தப்பாவையும் மாமாவையும் எதிர்த்தால் யார் கை தட்டுவார்? மேடை கிடையாது, பேப்பரில் வராது. காலையில் எழுந்தால் அதே உறவுக்காரர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அந்த வீட்டுக்குள், ஒரு இலை போட்டு இருபது இருபத்தைந்து வயசு இரண்டு பேர் ஒரு முடிவு எடுத்தார்கள். அதில் வள்ளியம்மையைச் சேர்த்துத்தான் நான் சொல்வேன். பரிமாறியது அந்தக் கைதான். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போதே அந்த அம்மா இறந்துபோனார். சிலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

கப்பலுக்கு வருவோம். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்கு. தலைவர் யார்? பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். பெரிய தொகை போட்டவர் யார்? ஹாஜி முகமது பக்கீர் சேட். 8,000 பங்கு, அதாவது இரண்டு லட்சம் ரூபாய். பங்கு விற்க வ.உ.சி. பம்பாய் வரை போனார். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. தன் சாதிக்காரர்கள் மட்டும் போதும் என்று அவர் இருந்திருந்தால் அந்தப் பணத்தில் ஒரு தோணிதான் வாங்கியிருக்கலாம், கப்பல் வந்திருக்காது.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலையில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறவர்கள், பல சாதி, பல ஊர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காக நின்றார்கள். வக்கீலுக்கும் கப்பல் கம்பெனிக்காரருக்கும் மில் கூலிக்காரரோடு என்ன சொந்தம்? ஒன்பது நாள் கழித்து மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு: இருபதும் இருபதும் நாற்பது வருஷம் தீவாந்தர தண்டனை. அப்போது அவருக்கு வயது 35. அப்பீலில் அது குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

சிறையை விட்டு வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. தொழுநோயால் வாடிக்கொண்டிருந்த சுப்பிரமணிய சிவா வந்திருந்தார். வேறு யாரும் பெரிதாக இல்லை. கப்பல் போய்விட்டது. அதில் ஒன்றைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். வக்கீல் சன்னதும் போய்விட்டது. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்த வறுமையிலும் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். ‘மனம்போல வாழ்வு’ அதில் ஒன்று. தன்னைச் சிறையில் போட்டவர்களின் மொழியில், அந்த நாட்டுக்காரர் எழுதியது நல்லதாக இருந்தால் எடுத்துக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இல்லை.

1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமை என்றார். நாடே அவர் பின்னால் போனது. வ.உ.சி.க்கு அந்த வழியில் உடன்பாடு இல்லை. திலகர் வழி வந்தவர் அவர். ‘எனக்குச் சரி என்று படவில்லை’ என்று காங்கிரசை விட்டு விலகி நின்றார். அவர் சொன்னது சரியா, காந்தி சொன்னது சரியா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. காந்தி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கையில் காசில்லாத நேரத்தில், பலன் கிடைக்கும் பக்கமாகச் சாயாமல், தனக்குப் பட்டதைச் சொல்லிவிட்டு ஒதுங்கினார் பாருங்கள், அதைச் சொல்கிறேன்.

எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்தது இனிமேல் சொல்லப் போவதுதான். வக்கீல் தொழிலுக்கான சன்னதை அவருக்குத் திரும்ப வாங்கிக் கொடுக்க உதவியவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. பேர் வாலஸ். அந்த நன்றிக்காகத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார் வ.உ.சி. வாலஸ், ஈஸ்வரன் இரண்டையும் சேர்த்த மாதிரி! வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டவர், வெள்ளைக்கார நீதிபதியால் நாற்பது வருஷத் தண்டனை வாங்கியவர், சிறையில் செக்கிழுத்தவர். ‘அவனுங்க எல்லாரும் அப்படித்தான்’ என்று சொல்ல உலகத்திலேயே அதிக உரிமை உள்ளவர் அவர்தான். அவர் சொல்லவில்லை. பின்ஹே வேறு, வாலஸ் வேறு என்று பார்த்தார்.

நான் சொல்ல வந்த கருத்து இதில்தான் இருக்கிறது. ஒருவர் தனி ஆளாக ஆகிவிட்டார் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எதிரே நிற்கிறவரைத் தனி ஆளாகப் பார்க்க அவரால் முடிகிறதா என்பதை வைத்துத்தான். இராமையா தேசிகரை ஊர் ஒரு சாதியாகப் பார்த்தது, வ.உ.சி. தேசிகராகப் பார்த்தார். வாலஸை மற்றவர்கள் வெள்ளைக்காரனாகப் பார்த்திருப்பார்கள், அவர் வாலஸாகப் பார்த்தார். மற்றவனைக் கூட்டத்தில் ஒருத்தனாக மட்டும் பார்க்கிறவன் தானும் கூட்டத்தில் ஒருத்தனாகத்தான் இருக்கிறான். இரண்டும் ஒரே கண்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நான் தினமும் செய்த வேலை, வருகைப் பதிவேடு எடுப்பது. வீட்டில் பிள்ளையைத் ‘தம்பி’, ‘பாப்பா’, ‘எய்யா’ என்பார்கள். தெருவில் ‘இன்னார் மகன்’ என்பார்கள். முழுப் பேரைச் சொல்லி, அந்தப் பேருக்கு அந்தப் பிள்ளையே பதில் சொல்ல வேண்டிய முதல் இடம் பள்ளிக்கூடம். பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்வீர்கள். ‘உள்ளேன்’ என்றால் என்ன? நான் இருக்கிறேன். பக்கத்துப் பிள்ளைக்காக நீங்கள் சொல்ல முடியாது, உங்களுக்காக அவன் சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பில் சத்தமே வராது. ஐந்தாம் வகுப்புக்குள் கணீர் என்று வந்துவிடும். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்துக்குப் படித்தபோது குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் படித்ததைவிட இந்தப் பதிவேட்டில் நான் கற்றுக்கொண்டது அதிகம். ஒரே பெஞ்சில் இரண்டு முத்துக்குமார் இருப்பார்கள். இனிஷியல் வேறு, கையெழுத்து வேறு, அழுகிற காரணமும் வேறு. டீச்சர் இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டால் பிள்ளைக்கு எவ்வளவு வருத்தம்! நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த வருத்தம் புரியும். புதுக்கோட்டை என்றதும் ‘தொண்டைமான் புதுக்கோட்டையா?’ என்று கேட்பவருக்கு, ‘இல்லைங்க, தூத்துக்குடி பக்கம், வாகைகுளம் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில’ என்று விளக்குவதிலேயே பாதி ஆயுள் போகிறது.

அந்தக் கணீர்க் குரல் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு போனதும் எங்கே போகிறது? கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த நிறம் என்றால் இன்ன சாதி. கயிற்றைப் பார்த்துச் சேர்த்தி, கயிற்றைப் பார்த்து அடிதடி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது மறந்திருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கூடப் படித்த பையனை வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினார்கள். பதிவேட்டில் அடுத்தடுத்துப் பேர் இருக்கிற பிள்ளைகள். அந்தப் பையனின் முகத்தை, அவன் நன்றாகப் படிப்பதை, அவன் சிரிப்பதை எல்லாம் தினம் பார்த்தவர்கள். வெட்டும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பையனா, இல்லை ‘யாரு ஆளு’ என்பதா?

அதற்குப் பிறகு அரசாங்கம் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, நெற்றிக்குறி போன்றவற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும், பள்ளிக்கூடப் பேர்களில் இருக்கும் சாதியை எடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். நல்லதுதான். ஆனால் கயிற்றை வாசலில் அறுத்து வாங்கலாம், மனசில் கட்டியதை எந்தத் தலைமையாசிரியர் அறுப்பார்? அதை வீட்டில்தான் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் நாம் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறோம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாமும் விட்டுவிட்டோம். அப்பா பேரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பேர், அவ்வளவுதான். வடநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சொல்வீர்கள், ‘சர் நேம் என்ன?’ என்று கேட்கும்போது சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பது எவ்வளவு தொந்தரவு என்று. அது பெருமைப்பட வேண்டிய தொந்தரவு. வ.உ.சி. காலத்தில் எல்லோரும் பட்டம் போட்டார்கள், அவரும் கடைசி வரை ‘பிள்ளை’ என்று போட்டவர்தான். இன்று துறைமுக வாசலில் ‘வ.உ.சிதம்பரனார்’ என்று இருக்கிறது. பேரில் பட்டம் இருந்த காலத்தில் அவர் சாதியைத் தாண்டி நடந்தார். நாமோ பேரிலிருந்து எடுத்ததைக் கையில் கட்டிக்கொண்டு, போதாததற்கு அவர் படத்தின் கீழேயும் எழுதிவிட்டோம்.

அவருக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. நம் மாவட்டத்தில் பாஞ்சாலங்குறிச்சி, கட்டாலங்குளம், கவர்னகிரி என்று எத்தனை வீரர்கள் பிறந்த மண். ஒவ்வொருவர் பிறந்தநாளுக்கும் ஒவ்வொரு கொடி, ஒவ்வொரு பிளக்ஸ், போலீஸ் பாதுகாப்பு. எல்லோருக்காகவும் உயிரைக் கொடுத்தவர்களை ஆளுக்கொருவராகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

‘சாதி வேண்டாம் என்றால் சாதிச் சான்றிதழ் ஏன் டீச்சர்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல தலைமுறையாகக் கூட்டம் கூட்டமாகப் படிப்பையும் வேலையையும் மறுத்தார்கள். அந்தக் கணக்கை நேர் செய்யவும் கூட்டத்தைக் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சான்றிதழால்தான் நம்மில் பலருடைய வீட்டில் முதல் பட்டதாரி வந்தார். இ-சேவை மையத்தில் வாங்கி, கல்லூரியில் கொடுத்து, பத்திரமாகப் பீரோவில் வையுங்கள். அது இருக்க வேண்டிய இடம் பீரோ. மணிக்கட்டு கிடையாது.

இனி சொந்தக்காரர்களுக்கு. சித்தி, அத்தை, மதினி என்று என்னை உரிமையோடு கூப்பிடுகிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதில் தொடங்கி, யாரைக் கட்ட வேண்டும் என்பது வரை நாம்தான் முடிவு செய்கிறோம். அப்புறம் முப்பது வயசில் ‘இவனுக்குச் சொந்த புத்தியே இல்லை’ என்று குறையும் சொல்கிறோம். சொந்தமாக ஒரு முடிவு எடுக்க விடாமல் வளர்த்த பிள்ளைக்குச் சொந்த புத்தி எங்கிருந்து வரும்? உங்கள் பெண் ஒரு பையனைப் பற்றிச் சொன்னால், நம் வாயில் முதலில் வருகிற கேள்வி ‘யாரு ஆளு?’ அதை மாற்றி ‘எப்படிப்பட்ட பையன்?’ என்று கேட்டுப் பாருங்கள். குடிக்கிறானா, உழைக்கிறானா, அவளை மதிக்கிறானா என்று விசாரியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்லுங்கள். அந்தக் காரணம் அந்தப் பையனைப் பற்றியதாக இருக்கட்டும். நம் பக்கத்தில் இந்த ஒரு கேள்விக்காகவே பெற்ற பிள்ளையை இழந்த வீடுகள் இருக்கின்றன. நாம் கயிறு பிடிக்கிறவர்கள். கீழே இறங்கிய பிள்ளை சைகை காட்டினால் தூக்கிவிட வேண்டும். அதே கயிற்றால் கட்டிப்போடக் கூடாது.

பிள்ளைகளே, உங்களைக் கப்பல் விடச் சொல்லவில்லை, செக்கிழுக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிறவரை ஒரே மாதிரி டம்ளரில் காபி கொடுத்து உட்கார வையுங்கள். ஒரு ஆளைப் பற்றி யாராவது ‘அவனுங்க எல்லாரும் அப்படித்தான்’ என்று சொல்லும்போது, ‘எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி இல்லையே’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழுவில் அந்த மாதிரிப் படம் வந்தால் கடத்தாதீர்கள். உங்கள் மகன் கையில் கலர் கயிறு இருந்தால் அது என்ன என்று இன்றைக்கே கேளுங்கள். சிறிய காரியங்கள்தான். ஆனால் செய்து பார்த்தால் தெரியும், சித்தப்பா முகம் மாறும், நண்பன் ஒரு வாரம் பேச மாட்டான். அந்த ஒரு வாரத்தைத் தாங்குகிறவன் தனி ஆள்.

படம் அனுப்பிய தம்பிக்கு: நீ வ.உ.சி.யைக் கொண்டாடியதில் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த வருஷமும் அனுப்பு. கீழே ‘ஒட்டப்பிடாரம் வ.உ.சிதம்பரனார், 1872 – 1936’ என்று மட்டும் போடு. அது போதும் அவருக்கு. முடிந்தால் வள்ளியம்மை பேரையும் சேர்த்துக்கொள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், டீச்சர் கோபப்பட மாட்டேன். உங்கள் பேர் போட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
புதுக்கோட்டை (தூத்துக்குடி மாவட்டம்).